கல்லுக்கு ஒண்ணேகால்

திண்டிவனத்தில் செஞ்சி ரோட்டு முனையில் ஒரு செல்போன் கடை இருக்கிறது. அதன் வாசலில், பாதி மண்ணுக்குள் புதைந்தபடி ஒரு பழைய மைல்கல் நிற்கிறது. உற்றுப் பார்த்தால் 'மெட்ராஸ் 83' என்று படிக்கலாம். அந்த இடத்திலிருந்து மெட்ராஸுக்கு எழுபத்தாறு மைல்தான். ஏழு மைல் பொய் சொல்லிக்கொண்டு அறுபது வருஷமாக நிற்கிறது அந்தக் கல். போன மாதம் அந்தப் பக்கம் போனபோது அதை ஓர் உதை உதைக்கலாமா என்று ஆத்திரம் வந்தது. எனக்கு வயது எண்பத்தெட்டு. உதைத்தால் வலிக்கப்போவது எனக்குத்தான் என்று விட்டுவிட்டேன்.

அந்தக் கடை இருக்கும் இடத்தில் அப்போது லாரி ஷெட்டு இருந்தது. மூன்று லாரி, நான்கு டிரைவர்கள், கிளார்க்கு நான் ஒருத்தன். முதலாளி விஷக்காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு முதலாளியம்மாதான் வந்து அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். திண்டிவனத்தில் அதுவரை யாரும் பார்க்காத காட்சி அது. அவருடைய கொழுந்தனாருக்கு அது பொறுக்கவில்லை. லாரிகளில் அவருக்கும் பங்கு உண்டு. "பொங்கலுக்குள்ள நிலையா ஒரு லோடு புடிச்சிக் காட்டுங்க அண்ணி. இல்லன்னா மூணையும் வித்துட்டுப் பாகம் பிரிச்சிக்கலாம்" என்று கெடு வைத்துவிட்டுப் போனார்.

அந்த நேரத்தில்தான் விழுப்புரத்து வெற்றிலை மண்டிக்காரர் ஆள் அனுப்பினார். வெற்றிலை காத்திருக்காத சரக்கு. கட்டு வந்து இறங்கியதும் வண்டி கிளம்ப வேண்டும். பாதி லோடுதான் இருக்கிறது, மீதிக்கு நிற்கிறேன் என்று சொல்ல முடியாது. மெட்ராஸில் இறக்கிவிட்டுத் திரும்புகையில் பெரும்பாலும் காலி வண்டிதான். இப்படிப்பட்ட அவசர லோடுக்கு மைலுக்கு என்ன கேட்பது? டீசல், டயர், டிரைவர் பேட்டா, காலியாகத் திரும்பும் செலவு எல்லாம் போட்டு, ஒன்றரை ரூபாய்க்குக் குறைந்தால் கட்டாது என்று இரண்டு நாள் உட்கார்ந்து எழுதிக்கொண்டு போனேன். முதலாளியம்மா அந்தத் தாளை வாங்கி விசிறிக்கொண்டார்.

"ஒண்ணரைன்னா அவரு யோசிப்பாரு. ஒண்ணுன்னா நாம யோசிக்கணும். ஒண்ணேகால்" என்றார்.

அவ்வளவுதான் அவருடைய ரேட்டு நிர்ணயம். மண்டிக்காரர் சரியென்றார். தன் மண்டிக் கொழுந்து வெற்றிலையையே தாம்பாளத்தில் வைத்து மாற்றிக்கொண்டார். "கல்லுக்கு ஒண்ணேகால்" என்று முதலாளியம்மா சொல்ல, "கல்லுக்கு ஒண்ணேகால்" என்று அவரும் சொன்னார். எங்கள் பக்கத்து லாரிக்காரர்கள் யாரும் மைல் என்று சொல்வதில்லை, கல் என்றுதான் சொல்வோம். மைலுக்கு என்று ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளலாம் அம்மா என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். "வெத்தலை மாத்திக்கினோம், அப்பறம் காயிதம் எதுக்கு?" என்று வாயை அடைத்துவிட்டார்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் லாரி ஒன்றிலும் மீட்டர் ஓடாது. அதனால் கிளீனர் பக்கத்தில் உட்கார்ந்து, சின்ன பர்லாங் கல்லை விட்டுவிட்டு, பெரிய கல்லை மட்டும் எண்ணிக்கொண்டு போக வேண்டும். விழுப்புரம் மண்டியிலிருந்து மெட்ராஸ் நூறு கல் என்பது மாட்டு வண்டிக்காரனுக்குக்கூடத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு நடைக்கும் எண்ண வேண்டும் என்பது முதலாளியம்மாவின் சட்டம். எண்ணி வந்த தொகையை மண்டியில் டிரைவர் சொல்வார். அதுதான் பில்.

லோடு ஓட ஆரம்பித்து மூன்றாவது வாரம் ரோட்டு இலாகா ஆட்கள் வந்து இறங்கினார்கள். மைல் கல்லைப் பிடுங்கிவிட்டுக் கிலோமீட்டர் கல் நட்டார்கள். விழுப்புரத்தில் ஆரம்பித்துத் திண்டிவனம் வரைக்கும் நட்டுவிட்டு, கல் தீர்ந்துபோயிற்றோ என்னவோ, வேலையை நிறுத்திவிட்டார்கள். திண்டிவனத்துக்கு அந்தப் பக்கம் பழைய கல்லே நின்றது. எங்கள் கிளீனர் மகாராசன் ஒன்றையும் கவனிக்காமல் ஒழுங்காக எண்ணியிருக்கிறான். புதுக்கல் முப்பத்தெட்டு, பழைய கல் எழுபத்தாறு. டிரைவரும் மண்டியில் போய், "நூத்திப்பதினாலு கல்லுங்க" என்று கூசாமல் சொல்லிவிட்டார்.

மண்டிக்காரர் மறுநாளே பஸ் ஏறி ஷெட்டுக்கு வந்துவிட்டார். "ஏம்மா, ஒரே வாரத்துல மெட்ராஸ் பதினாலு கல்லு தள்ளிப் போயிடுச்சா?" என்று வாசலில் நின்றே கத்தினார். நான் ஓடிப்போய் எட்டு கிலோமீட்டர் என்றால் ஐந்து மைல் என்று விளக்கினேன். அவருக்குப் புரிந்துவிட்டது. புரியாதது முதலாளியம்மாவுக்குத்தான்.

"கிலோவா? கிலோன்னா எடையாச்சே. ரோட்டை எந்தத் தராசுல வச்சி நிறுத்தாங்க?"

"எடை இல்லம்மா, இது தூரம்."

"அவரு கல்லுக்குன்னு ஒத்துக்கினாரு. கல்லு ரோட்டுல கீது. அதை நானா நட்டேன்?"

மண்டிக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். வெள்ளிக்கிழமைக்குள் சரியான பதில் வராவிட்டால் விழுப்புரத்திலேயே வேறு லாரி பார்த்துக்கொள்வதாக அவரிடமிருந்து தகவல் வந்தது. பொங்கலுக்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது. கொழுந்தனார் அதற்குள் லாரி வாங்க ஆளையே கூட்டிவந்து டயரைத் தட்டிப் பார்க்க வைத்துவிட்டார். எனக்கு வீட்டில் கைக்குழந்தை. மைலுக்கும் கிலோமீட்டருக்கும் பத்தி பிரித்து, ஊர் ஊராகத் தூரம் போட்டு, அழகாக ஒரு பட்டியல் எழுதினேன். அம்மா இதில் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும் என்று கெஞ்சினேன். அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் வாழ்நாளில் ஒரு மனுஷி மேல் அவ்வளவு எரிச்சல் பட்டதில்லை.

வெள்ளிக்கிழமை காலை, "வண்டி எடு, விழுப்புரம் போய்க்கினு வரலாம்" என்றார். நானும் ஏறினேன். ஏழாவது மைலில், கூட்டேரிப்பட்டு தாண்டியதும் வண்டியை நிறுத்தச் சொன்னார். பள்ளத்தில், பிடுங்கிப் போட்ட பழைய கல் ஒன்று கிடந்தது. பிடுங்கின கல்லை அள்ள வந்திருந்த ரோட்டு ஆட்களுக்கு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்து, அந்தக் கல்லைத் தூக்கி லாரியில் போடச் செய்தார். எதற்கு அம்மா என்று கேட்டேன். "பேசாம வா, பேஜாரு பண்ணாத" என்றார்.

மண்டி வாசலில் கல்லை இறக்கினோம். இறங்கிய சத்தத்தில் உள்ளே வெற்றிலைக் கவுளி அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். முதலாளியம்மா கல்லின் தலையில் கையை வைத்துக்கொண்டு மண்டிக்காரரிடம் சொன்னார்: "நான் சொன்னது இந்தக் கல்லு. இதுக்குத்தான் ஒண்ணேகால். கவர்மெண்டு வேற எந்தக் கல்லை நட்டாலும் நமக்கு இதான் கணக்கு."

மண்டிக்காரர் கல்லைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தார். மறுபடி தாம்பாளம் வந்தது, மறுபடி வெற்றிலை மாற்றினார்கள். லாரி தப்பியது, என் வேலையும் தப்பியது. கொழுந்தனார் பொங்கலுக்கு வாய் பேசாமல் கரும்பு தின்றுவிட்டுப் போனார். என் பட்டியல் அப்படியே என் சட்டைப் பையில் இருந்தது.

கல்லை ஷெட்டுக்கே கொண்டுவந்து வாசலில் நட்டார். இதோடு முடிந்திருந்தால் நானும் இதைச் சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பேன். அடுத்த வருஷம் டயர் விலை ஏறியது. அதற்கடுத்த வருஷம் டீசல் ஏறியது. ஊரில் எல்லாரும் ரேட்டை ஏற்றினார்கள். நாங்கள் கல்லுக்கு ஒண்ணேகாலிலேயே நின்றோம். ஒவ்வொரு தை மாதமும் போய் நிற்பேன். அவர் வாசலைக் கை காட்டுவார். "கல்லு மாறிச்சா? ரேட்டு மட்டும் எப்படி மாறும்? இந்தக் கல்லுக்குன்னு வெத்தலை மாத்தியிருக்கேன்." ஆறு வருஷம் இதே பதில். சுவரோடு பேசியிருந்தால் சுவராவது கொஞ்சம் உதிர்ந்திருக்கும். ஓடிய ஓட்டத்துக்கு டயர் தேய்ந்தது, வண்டி தேய்ந்தது, ஒன்று ஒன்றாக விற்றோம். கடைசி லாரியைக் கொழுந்தனாரே ஆள் பிடித்து விற்றார். "லாரி போச்சி, போவட்டும். பேச்சு போவல" என்றார் முதலாளியம்மா. எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. நான் அரிசி மில்லில் வேலைக்குச் சேர்ந்தேன்.

அவர் இறந்து பதினாறாம் நாள் காரியத்துக்கு மண்டிக்காரரும் வந்திருந்தார். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். இலையில் சோறு விழுவதற்கு முன்பே சொன்னார்: "ஒவ்வொரு தை மாசமும் ஏத்திக் கேப்பாங்கன்னு பாத்துக்கினே இருந்தேன் தம்பி. ஒண்ணேமுக்கால் கேட்டாக்கூடக் குடுக்கறதா இருந்தேன். கேக்கவே இல்ல."

"நீங்களாவது ஏத்திக் குடுத்திருக்கலாமேங்க?"

"கல்லையே தூக்கிக்கினு வந்து வச்சாங்க. அவங்க பேச்சை நான் எப்படி மாத்தறது?"

இருபத்து நாலு மைல் இடைவெளியில் இரண்டு பேர், ஒருத்தர் கேட்கட்டும் என்று ஒருத்தர், கேட்கக்கூடாது என்று இன்னொருத்தர், ஆறு வருஷம் உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் பென்சிலும் கையுமாக நான்.

போன மாதம் கடை வாசலில் நின்றபோது இதெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. 'மெட்ராஸ் 83' மேல் யாரோ ஹெல்மெட்டைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். எடுத்து ஓரமாக வைத்தேன். "ஒண்ணரையாவது கேட்டிருக்கலாமே அம்மா" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "என்னங்க ஐயா, எவ்ளோக்கு ரீசார்ஜ் பண்ணணும்?"