சகலனுக்கு வைத்த படையல்

அழகரெத்தினம் செத்த பிறகாவது தன் வயிற்றெரிச்சல் அடங்கும் என்று வினாயகமூர்த்தி நினைத்திருந்தான். அடங்கவில்லை. செத்தவனைப் பற்றி ஊர் பேசுகிற பேச்சில் அது இன்னும் மூண்டது.

இருவரும் பெரியகல்லாற்றில் ஒரே வளவுக்கு மாப்பிள்ளையாக வந்தவர்கள். மாமியார் சீதேவிப்பிள்ளை வளவை நடுவில் பிரித்து, மூத்தவள் நேசமலருக்கு ஒரு பாதியில் வீடும், இளையவள் புஸ்பத்துக்கு மறு பாதியில் வீடும் கட்டிக் கொடுத்திருந்தாள். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். அவளைக் கட்டுகிறவன் பக்கத்து வீட்டுச் சகலனையும் சேர்த்துத்தான் கட்டிக்கொள்கிறான். அவனைப் பிடிக்குமா என்று ஒருவரும் கேட்பதில்லை. நடுவில் ஒரு கிடுகு வேலி. அழகரெத்தினம் என்ற மனிதனின் முழு வாழ்க்கையையும் வினாயகமூர்த்தி அந்த வேலிக்கு இந்தப் பக்கம் நின்றே பார்த்து முடித்தான்.

பார்க்க அப்படி என்ன இருந்தது? விடியுமுன் தோணியை எடுத்துக்கொண்டு, ஊரார் ஆறு என்கிற வாவிக்குப் போவான். வெயில் ஏற மீனோடும் றாலோடும் வருவான். குளித்துவிட்டு நெல் மில்லுக்கு மூட்டை சுமக்கப் போவான். பொழுதுபட வந்து வேலி கட்டுவான், மகள் பிரஷாந்தியின் சைக்கிளுக்குக் காற்றடிப்பான். குடியில்லை, வெற்றிலைகூட இல்லை. கோயில் திருவிழாவிலும் கூட்டத்துக்குப் பின்னால்தான் நிற்பான். ஏதாவது கேட்டால் "ம்" என்பான். திரும்பக் கேட்டால் சிரிப்பான். அவ்வளவுதான் மனிதன்.

ஆனால் மாமியாருக்கு நெஞ்சு நோவு வந்தபோது அழகரெத்தினத்தைத்தான் கூப்பிட்டாள். புஸ்பத்தின் வாயிலும் எந்த நேரமும் அத்தான்தான். "அத்தான் விறகு கொத்திப் போட்டிட்டுப் போறார். இஞ்ச ஒருத்தருக்குக் கோடாலி எங்க கிடக்குது எண்டே தெரியாது."

வினாயகமூர்த்தி ஒன்றும் சும்மா இருந்தவனில்லை. மேசன். ஊரில் பல வீடுகள் அவன் கை பட்டவை. பிரஷாந்திக்கு வீடு எழுப்புகிற காலம் வந்தபோது, வேலிக்கு அந்தப் பக்கம் மேசன் ஒருவன் இருக்க, அழகரெத்தினம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மில்லில் இருந்து வந்து தானே கல்லு வைத்தான். இன்றைக்கு ஒரு வரி, நாளைக்கு ஒரு வரி. வினாயகமூர்த்தி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தான்.

"என்ன சகலன், சுவர் ஆத்தப் பாத்துச் சாயுது? மீனுக்கு ஆசைப்படுதோ?"

"ம்."

அடுத்த நாள் அந்த வரிகளைக் கழற்றி, திரும்ப நேராக வைத்திருந்தான். வினாயகமூர்த்திக்கு அன்று சோறு இறங்கவில்லை. பிழை பிடித்தால் சண்டைக்காவது வர வேண்டாமா ஒரு மனிதன்?

இவனில் எங்கேயோ ஓர் ஓட்டை இருக்கத்தான் வேண்டும் என்று அவன் தேடத் தொடங்கினான். ஒரு நாள் மத்தியானம் மில்லில் இருந்து வீட்டுக்கு வராமல் அழகரெத்தினம் வாவிக்கரைக்கு நடப்பதைக் கண்டான். கையில் ஒரு பை. பின்னால் போனான். போத்தல் இருக்கும், இல்லாவிட்டால் ஒரு பெண்ணாவது இருப்பாள் என்று நம்பித்தான் போனான்.

தோணிகள் இழுத்து விட்டிருக்கும் இடத்தில் வலை வைக்கிற ஓலை வாடி ஒன்று உண்டு. அதன் பின்னால் அழகரெத்தினம் குந்தியிருந்தான். பையில் இருந்து ஒரு டின் மீனை எடுத்து, கத்தி முனையால் உடைத்தான். வெங்காயமும் பச்சை மிளகாயும் அரிந்து போட்டு, தேசிக்காய் பிழிந்து, பேக்கரிப் பாணைப் பிய்த்துத் தோய்த்து, கண்ணை மூடிக்கொண்டு தின்றான். வெறும் டின்னை மண்ணில் புதைத்துவிட்டு, வாவியில் கை கழுவிக்கொண்டு மில்லுக்குப் போனான்.

வினாயகமூர்த்திக்குச் சப்பென்று போய்விட்டது. வீட்டுக்கு நாளாந்தம் உயிர் றாலும் நண்டும் கொண்டு போகிறவன், ஒளித்துத் தின்பது கடை டின் மீனா? ஆனாலும் அதற்குப் பிறகும் பல தடவை போய்ப் பார்த்தான். ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஊர் சிரிக்கும். சிரித்துவிட்டு, பாவம் மனுசன் என்று அவனில் இன்னும் கொஞ்சம் அன்பு வைக்கும். அதை எப்படித் தாங்குவது?

பிறகு ஒரு நாள் அழகரெத்தினம் மில்லில் நெல் மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்தவன், எழும்பவில்லை.

முப்பத்தோராம் நாள் படையலுக்கு நேசமலரின் குசினி நிறையப் பெண்கள். செத்தவர் விரும்பிச் சாப்பிட்டதைப் படைக்க வேண்டும். அங்கேதான் நேசமலர் தடுமாறிப் போனாள். வினாயகமூர்த்தி வாசலில் இருந்து வாழையிலை துடைத்தபடி அவர்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"றாலும் நண்டும்தானே அக்கா அத்தானுக்கு?" என்றாள் புஸ்பம்.

"பிடிச்சிட்டு வருவார். ஆக்கிப் போட்டாச் சாப்பிடுவார். இது விருப்பம் எண்டு ஒரு நாள் வாய் திறந்து சொல்லல்லகா."

"அப்பா மீன் தலையத்தான் எடுப்பார்" என்றாள் பிரஷாந்தி.

"அப்ப தலைதான் விருப்பமாக்கும்."

"இல்லம்மா. நடுத்துண்டெல்லாம் எங்களுக்கு வைச்சா, மிச்சம் தலைதானே."

நேசமலர் அகப்பையைப் போட்டுவிட்டு அப்படியே இருந்துவிட்டாள். "நான் அவரோட வாழ்ந்தனா, சோறு மட்டும் போட்டனா? கடைசிச் சோத்துக்கு என்ன ஆக்கிறது எண்டு தெரியல்லியே எனக்கு."

வினாயகமூர்த்திக்கு முதலில் உள்ளுக்குள் குளிர்ந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அழகரெத்தினம் அலுத்துப் போன றாலைத் தின்றுவிட்டுப் போவான். ஆனால் வாயை மூடவும் மனம் விடவில்லை. இரக்கம் என்று சொல்லிவிட முடியாது. ஊரே அவனைத் தெரியும், தெரியும் என்று பேசுகிறது. தனக்குத் தெரிந்தது ஒருவருக்கும் தெரியாது. அதைச் சொல்லாமலே விட்டால், தெரிந்திருந்து என்ன லாபம்?

எழுந்து சந்திக் கடைக்குப் போய் ஒரு டின் மீனும் ஒரு றாத்தல் பாணும் வாங்கி வந்து நேசமலருக்கு முன்னால் வைத்தான்.

"இதான் மச்சாள் அவருக்கு விருப்பம். வெங்காயம், பச்சைக் கொச்சிக்காய் வெட்டிப் போட்டு, தேசிக்காய் விட்டு, பாணோட."

"உங்களுக்கு என்ன விசரா?" என்று புஸ்பம் பாய்ந்தாள். "ஆத்தில பிழைச்ச மனுசனுக்கு டின் மீனா?"

நேசமலர் டின்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையை அவனுக்கு நன்றாகத் தெரியும். முகம் வழிக்கிற கண்ணாடியில் எத்தனையோ தரம் கண்ட பார்வை.

"உங்களுக்கிட்டச் சொன்னவரா மச்சான்? எனக்குச் சொல்லாததை?"

ஒளிந்து நின்று பார்த்தேன் என்று எப்படிச் சொல்வது?

"ஓம். எனக்கிட்டத்தான் சொன்னவர்."

சொன்னதும் தேன் போல் இனித்தது. அழகரெத்தினத்தின் பேரில் ஒருத்தி தன்னைப் பார்த்துப் பொறாமைப்படுகிறாள்! ஆனால் நேசமலர் விடவில்லை.

"மறுகா ஏன் எனக்கு ஒளிச்சவர்? அதையும் சொல்லியிருப்பாரே."

கறி கிண்டிய கைகள் எல்லாம் நின்றுவிட்டன. தெரியாது என்றால் பொய் வெளுத்துவிடும். வினாயகமூர்த்தி வாய்க்கு வந்ததைச் சொன்னான்.

"உங்கட சமையல் பிடிக்கல்ல எண்டு நினைச்சிருவீங்களாம். உங்கட மனசு நோகக் கூடாதெண்டுதான் வாடிக்குப் பின்னால போய்ச் சாப்பிட்டவர்."

அது பொய்யா என்று அவனுக்கே தெரியவில்லை. அத்தனை தடவை பார்த்தவனுக்கு உண்மை போலத்தான் பட்டது. ஆனால் வாயில் இருந்து விழுந்த உடனே, தான் செய்த மடத்தனம் விளங்கிவிட்டது. நேசமலர் வாய்விட்டு அழுதாள். மற்றப் பெண்களும் மூக்கைச் சிந்தினார்கள். "இப்படியும் ஒரு மனுசனா" என்றாள் ஒருத்தி. புஸ்பம் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துவிட்டு, தன் புருசனை மேலிருந்து கீழ்வரை ஒரு தரம் பார்த்தாள். செத்தவனை இன்னும் ஒரு படி தூக்கி வைத்தது தன் வாய்தான் என்று அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

படையலில் றாலும் நண்டும் ஓரத்துக்குப் போயின. நடு இலையில் டின் மீன் இருந்தது. கர்ப்பூரம் காட்டி முடிந்ததும், நேசமலர் அதைத் தன் கையாலேயே பந்தியில் பங்கிட்டாள். ஆளுக்கு ஒரு நுள்ளு. கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கினார்கள்.

காசு கொடுத்து வாங்கியவன் வினாயகமூர்த்தி. கண்ணை மூடித் தின்கிற அளவுக்கு அதில் என்ன ருசி என்று அறிய, வாடி ஓரத்தில் நின்ற அந்த முதல் நாளில் இருந்தே அவனுக்கு நாக்கு ஊறிக்கொண்டிருந்தது. தட்டம் அவனுக்கு முன்னால் வந்தபோது வழித்துத் துடைத்துப் போயிருந்தது.

"முடிஞ்சிட்டு மச்சான். றால் வைக்கட்டா?"

"என்னத்தையாவது வைங்க" என்றான் அவன்.