கம்பளியா, ஈரத்துணியா

அந்த ஊரில் கோடைக்கு ஒரு நிலை கிடையாது. மலைப்பக்கக் காற்று வந்தால் அன்று போர்வை வேண்டும். அது பொட்டல்பக்கக் காற்றாகத் திரும்பினால் மறுநாளே ரோட்டில் தார் இளகும். மற்றவர்கள் அலுத்துக்கொண்டு சட்டையை மாற்றினார்கள். தையல்காரிக்கு மட்டும் அது தினசரிப் பரீட்சை.

அவள் கணவன் பெயின்டர். சாரத்திலிருந்து விழுந்து கழுத்து முறிந்தபின் தலைக்குக் கீழே எதுவும் அசையவில்லை, வியர்க்கவும் இல்லை. "அறை என்ன சூடோ அதுதான் இனிமே இவர் உடம்புச் சூடு. பாத்துக்கோங்க" என்று டாக்டர் சொல்லி ஏழு வருஷம் ஆகிவிட்டது.

யூனிஃபார்ம் தைக்கும் கம்பெனியில் எட்டு மணிக்கு மிஷினில் உட்கார வேண்டும். விடிந்ததும் வாசல் இரும்புக் கதவில் புறங்கையை வைத்துப் பார்ப்பாள். சில்லென்றிருந்தால் ஜன்னலைச் சாத்திக் கம்பளி. இல்லையென்றால் ஜன்னலைத் திறந்து, ஃபேனைப் போட்டு, மார்பில் ஈரத்துணி.

"என்ன ஜட்ஜம்மா, இன்னிக்கு என்ன தீர்ப்பு?" என்பான் அவன்.

"கம்பளி."

"அப்பீல் உண்டா?"

"மத்தியானம் அக்கா வருவாங்க. அவங்ககிட்ட பண்ணிக்கங்க."

தீர்ப்பு தப்புவதும் உண்டு. அதற்காகத்தான் எதிர்வீட்டு அக்காவிடம் ஒரு சாவி. பன்னிரண்டு மணிக்கு வந்து அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, போர்த்தியதை எடுப்பாள், அல்லது இழுத்துவிடுவாள்.

அன்று தொடர்ந்து மூன்றாவது குளிர்நாள். அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் தயங்கினாள். "மகளுக்கு உடம்பு முடியலையாம். போனா திரும்ப சாயங்காலம் ஆயிடும்... விடு, நாளைக்குப் போறேன்."

தையல்காரி கதவைத் தொட்டாள். ஐஸாக இருந்தது.

"போயிட்டு வாங்கக்கா. இந்தக் குளிர்ல என்ன ஆயிடப் போகுது?"

பதினொரு மணிக்குக் காற்று திரும்பியது. கம்பெனிக்குள் ஏசி, தெரியவில்லை. ஒன்றரை மணிக்குச் சாப்பிட வெளியே வந்தவள் முகத்தில் அனல் அடித்தது. டிபன் பாக்ஸை அங்கேயே போட்டுவிட்டு ஓடினாள்.

ஜன்னல் சாத்தியிருந்தது. கம்பளி, காலையில் அவள் செருகிவிட்ட மடிப்புக்கூடக் கலையாமல், கழுத்துவரை இருந்தது. உதறி எறிந்து குடத்தோடு தண்ணீரை ஊற்றினாள். உடம்பு கொதித்தது. கண் திறந்திருந்தது, கிண்டல் வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே மூச்சு நின்றுவிட்டது.

இரண்டு வாரம் அக்கா அவள் கண்ணில் படவேயில்லை. பிறகு ஒருநாள் சாவியை நீட்டியபடி வந்து நின்றாள்.

"நான் போயிருக்கக் கூடாதும்மா."

"நான்தானேக்கா போகச் சொன்னேன்."

"இனிமே இது எதுக்கு? வாங்கிக்கோ."

தையல்காரி கையை நீட்டவில்லை. "வச்சிருங்கக்கா. வேலைக்குப் போக இன்னும் கால் வரல. மத்தியானம் ஒரு தடவ எட்டிப் பாருங்க."

மறுநாள் பன்னிரண்டு மணிக்குப் பூட்டுத் திறக்கும் சத்தம் கேட்டது. அவள் அவன் கட்டிலில் சுருண்டு படுத்திருந்தாள். அக்கா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். போய் ஜன்னலைத் திறந்தாள்.