அண்ணைக்கு வழி சொன்னது

நாங்கள் குடியேறிய பார்க்கிங் நகரத்துக்குப் பக்கத்தில் பழைய குப்பைமேடு ஒன்றைச் சரிவாக்கி, தூரிகை போன்ற பிளாஸ்டிக் பாய் விரித்து, பனிச்சறுக்குப் பழக விட்டிருந்தார்கள். தொண்ணூறுகளின் தொடக்கம். நீரிழிவு என்கிற சீனி வருத்தத்தில் இரண்டு கண்ணும் போன என் அண்ணை, ஞாயிறு காலைகளில் பார்வையற்றவர்களுக்கும் அங்கே பழக்குகிறார்கள் என்று கவுன்சிலில் இருந்து வந்த பெண் சொன்னதும் உடனே பெயரைக் கொடுத்துவிட்டார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. நாற்பத்தெட்டு வயதில் கைகால் முறிந்தால் யார் பார்ப்பது? கூட இருக்கிற தங்கச்சி நான்தானே!

அவரோ விழுந்து எழும்பி, முழங்கை உரசி, சிரித்துக்கொண்டு வந்தார். கண் போன பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. வழிகாட்ட ஆள் போதாது என்றார்கள். அந்நியர் கையில் விடுவதைவிட நானே பழகிவிடலாம் என்று தொண்டராகச் சேர்ந்தேன். பெட்ரோல் ஸ்டேஷனில் சனி ஷிப்ட் முடித்து, ஞாயிறு காலை போய் நிற்பேன். எங்கள் கண்களைக் கட்டியும் ஒருநாள் இறக்கினார்கள். அன்று நான் கூப்பிடாத சாமி இல்லை. வழிகாட்டி பின்னால் சறுக்கி வந்தபடி, இடம், வலம், நில் என்று சொல்லிக்கொண்டே இருக்கவேண்டும். முன்னால் இருப்பதை இருக்கிறபடி சொல்லவேண்டும். அவ்வளவுதான் வேலை.

வீட்டில் அண்ணைக்கு ஊர்க் கடிதங்களை வாசிப்பதும் நான்தான். அக்கா எழுதுவா. ஒரு கடிதத்தில், அண்ணையோடு ஒரே பள்ளிக்கூடத்தில் இருபது வருஷம் படிப்பித்த அவருடைய கூட்டாளி மாரடைப்பில் இறந்துவிட்டார் என்று எழுதியிருந்தா. அந்த நான்கு வரியையும் விட்டுவிட்டு வாசித்தேன். வருத்தக்காரருக்குக் கெட்ட செய்தியை மறைப்பது எங்கள் வீட்டு வழக்கம். அதோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை. அடுத்தடுத்த கடிதங்களில், கூட்டாளி சுகம் விசாரித்தாராம் என்று நானாகவே சேர்த்தும் வாசித்தேன்.

வெஸ்ட் ஈலிங் கோயிலில் நான் பிரசாதத்துக்கு வரிசையில் நின்ற நேரம், ஊரவர் ஒருவர் அண்ணையிடம் துக்கம் விசாரித்துவிட்டார். மரணம் நடந்து அப்போது எட்டு மாதம். திரும்பும் ரயிலில் பார்க்கிங் வரும்வரை அண்ணை என் கையைப் பிடிக்காமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அடுத்த ஞாயிறுதான் முதன்முறையாக நான் அவருக்கு வழிகாட்ட இருந்த நாள். வழிகாட்டிகளின் மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றேன். அவர், தான் அங்கிருந்த வெள்ளைக்காரத் தொண்டரோடு போவதாகச் சொன்னார். எல்லார் முன்னாலும் எனக்கு முகம் கறுத்துப்போயிற்று. ஏன் என்று கேட்டேன்.

"நீ நல்லதை மட்டும்தான் சொல்லுவாய், பிள்ளை. எனக்குக் கீழை போய்ச் சேரவேணும்."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

மூன்று வாரம் நான் அந்தப் பக்கம் போகவில்லை. சமைத்தேன், பாத்திரங்களைச் சத்தமாக வைத்தேன், என் நல்லெண்ணத்தை நானே மெச்சிக்கொண்டேன். ஆனால் அண்ணை கடிதம் வாசிக்கச் சொல்லிக் கேட்பதையே விட்டுவிட்டார். புதிதாக வந்த ஒன்று பிரிக்காமல் மேசையில் கிடந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. ஒரு பின்னேரம் பழைய கடிதத்தை எடுத்துவந்து, விட்ட வரிகளை வாசித்தேன். படிப்பித்துக்கொண்டு நின்றவர் நெஞ்சைப் பிடித்தபடி கதிரையில் குந்தினாராம், பிறகு எழும்பவில்லையாம். அண்ணை அழுதார். நானும்தான். சுகம் விசாரித்ததெல்லாம் என் பொய் என்பதையும் சொன்னேன். தெரியும் என்றார்.

அந்த ஞாயிறு நானும் போய், யாரையும் கேட்காமல் மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு உச்சிக்கு ஏறினேன். வெள்ளைக்காரர் வழக்கம்போல அண்ணைக்குப் பக்கத்தில் நின்றார். என் குரல் கேட்டு அண்ணை தலையைத் திருப்பினார்.

"முன்னால என்ன இருக்கு?"

"வலப்பக்கம் வேலி. நடுவில ஒரு பொம்பிளை விழுந்து கிடக்கிறா. கீழை ஒரு இடத்தில பாய் கிழிஞ்சிருக்கு. எனக்குக் கால் நடுங்குது, அண்ணை. பிழையாச் சொல்லிப்போடுவனோ எண்டு பயமா இருக்கு."

அவர் வெள்ளைக்காரரிடம், தங்கச்சி வருவா, நீங்கள் இருங்கோ என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

"அவ எழும்பினதும் சொல்லு," என்றார் என்னிடம்.

எழும்பினா. சொன்னேன். அடுத்த கணமே அண்ணை இறங்கத் தொடங்கிவிட்டார்.