முளைத்தால்தான் லாரி ஏறும்

ஆஞ்சப்பனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றுதான் ஓசூர் தொழிற்பேட்டையில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். பின்னே என்ன? பெரிய கம்பெனியில் யூனிபாரம், கேண்டீன் சாப்பாடு என்று ராஜா மாதிரி இருந்த ஃபிட்டர் வேலையை உதறிவிட்டு, ஒரு தகரக் கொட்டகையைப் பிடித்து, கையால் ஆட்டி நிலக்கடலை உடைக்கும் மிஷின் செய்யப்போகிறேன் என்று கிளம்பினால் ஊர் வேறென்ன சொல்லும்? அதோடு விட்டாரா மனுஷன்! கொட்டகைக்குப் பின்னால் மண்ணைக் கொத்திப் பாத்தி கட்டினார். புதிதாகச் செய்த ஒவ்வொரு மிஷினிலும் ஒரு பிடி கடலையை உடைத்து, அந்தப் பருப்பைப் பாத்தியில் ஊன்றுவார். முளைத்தால்தான் மிஷின் லாரி ஏறும்.

பக்கத்து லேத் பட்டறை சின்னராஜுக்கு இது தினப்படி வேடிக்கை. "இன்னா ஆஞ்சப்பா, மிஷின் கம்பெனியா, நாத்தங்காலா?" என்பார்.

"விதைக் கடலைப்பா. மேல் தோலு லேசா கிழிஞ்சாலும் மண்ணுல அழுகிப்பூடும். கண்ணால பாத்தா தெரியாது. மண்ணைத்தான் கேக்கணும்."

கெம்பம்மா அங்கே முதலில் சேர்ந்த ஆள். அதுவரை ஊரார் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தவள். கூட்டிப் பெருக்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து வந்தவள் கையில் ஸ்பேனரைக் கொடுத்தார். கோபம் வந்தால் தெலுங்கில் திட்டுவார், சமாதானமானால் கன்னடத்தில் கொஞ்சுவார், அளவு சொல்வது மட்டும் தமிழில். அவரிடம் திட்டு வாங்கியே அவள் சல்லடை பொருத்தக் கற்றுக்கொண்டாள். அண்ணா, அண்ணா என்று உயிரை விட்டாள்.

கல்லாவியில் சென்னம்மாள் என்றொரு சம்சாரி. மானாவாரிக் கடலைக்காரி, வாய் கொஞ்சம் நீளம். முதல் வருஷம் ஆஞ்சப்பன் கொண்டுபோன மிஷினில் பருப்பு உடைகிறதென்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். வேறு யாராயிருந்தாலும் உன் கடலை சரியில்லை என்றிருப்பான். இவர் அந்தத் தெருப் பெண்களோடு சாயங்காலம் வரை உட்கார்ந்து, யாருக்குக் கை எங்கே வலிக்கிறது, கைப்பிடி எந்த உயரத்தில் இருக்கணும் என்றெல்லாம் கேட்டு, மிஷினைத் திரும்பவும் பஸ் மேலே ஏற்றிக்கொண்டு வந்தார். மறு வருஷம் அந்தச் சென்னம்மாளே ஊருக்கெல்லாம் சேர்த்து ஆர்டர் கொடுத்தாள். ஆடிப் பட்டத்துக்கு முன்னால் மிஷின் வந்துவிடவேண்டும் என்று பேச்சு.

மிஷின்களெல்லாம் தயாராகிவிட்டன. ஆஞ்சப்பன் பாத்தியில் கடலையை ஊன்றினார். மறுநாள் டீக்கடையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

இழவு வீட்டில் கெம்பம்மாவுக்கு அழுகையே வரவில்லை. வந்தவர்களுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்துக்கொண்டே நின்றாள். கருமம் முடிந்து, ஆஞ்சப்பனின் மச்சான் கோவிந்தன் கொட்டகையைத் திறந்தபோதுதான் அவளுக்குச் சுரீரென்றது. ஓடிப்போய்ப் பார்த்தாள். பாத்தி வெடித்துக் கிடந்தது. இழவுத் துக்கத்தில் ஒருத்தருக்கும் தண்ணீர் ஊற்றவேண்டும் என்று தோன்றவில்லை. பாதி முளைத்துக் கருகியிருந்தது, மீதி முளைக்கவே இல்லை.

"தண்ணி இல்லாம போச்சு. மிஷின்ல குத்தமில்ல. லாரியை வரச்சொல்றேன்" என்றார் கோவிந்தன்.

"தோலு கிழிஞ்சி போயிருந்தா?"

"கல்லாவியில மழை பேஞ்சிருச்சும்மா. மறுபடியும் ஊனி, மொளைக்கற வரைக்கும் காத்திருந்தா அவங்க நெலத்து ஈரம் போயிரும். ஆர்டரும் போயிரும், கம்பெனியும் போயிரும்!"

அவர் சொன்னதிலும் பொய்யில்லை. ஆனால் முளைக்காத விதையைக் காடு முழுக்கப் போட்டுவிட்டு மேகத்தைப் பார்த்து நிற்பது எப்படியிருக்கும் என்று கெம்பம்மாவுக்குத் தெரியும். "அண்ணா இருந்திருந்தா அனுப்பியிருக்கமாட்டாரு" என்றாள்.

"அவருதான் இல்லையேம்மா!" என்று கத்திவிட்டுக் கோவிந்தன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "சரி, வா. லேட்டாகும்னு நேர்ல போயே சொல்லிருவம்" என்றார்.

போவதற்கு முன் கெம்பம்மா ஒவ்வொரு மிஷினிலும் மறுபடி கடலை உடைத்து ஊன்றினாள். தண்ணீர் ஊற்றச் சின்னராஜிடம் சொன்னாள். அவர் கிண்டல் ஒன்றும் பண்ணவில்லை, குடத்தை வாங்கிக்கொண்டார்.

கல்லாவிக்குப் போய்ச் சேர்வதற்குள் கோவிந்தன் பத்து விதமாகப் பேச்சை ஒத்திகை பார்த்தார். அங்கே போய் ஒன்றும் வரவில்லை. கெம்பம்மாதான் சென்னம்மாளிடம் சொன்னாள். தண்ணீர் ஊற்றாமல் விட்டது, பாத்தி காய்ந்தது, மிஷின் நல்லதா கெட்டதா என்று தங்களுக்கே தெரியாதது, ஒன்றையும் மறைக்கவில்லை. கத்தப்போகிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

சென்னம்மாள் கத்தவில்லை. உள்ளே போய் விதைக்காய் மூட்டையை இழுத்துவந்து வாசலில் கொட்டினாள். "ஏம்மே, எல்லாரும் வாங்க! இந்த வாட்டி கையாலதான்!" என்று தெருவைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். முறத்தோடு பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். சும்மா நிற்க மனம் வராமல் கெம்பம்மாவும் உட்கார்ந்து உடைத்தாள். வெயில் சாய்வதற்குள் அவள் நகக்கண்ணில் ரத்தம் கட்டிவிட்டது.

சென்னம்மாள் அதைப் பார்த்துவிட்டு அவள் மடியிலிருந்த காயை வாரித் தன் முறத்தில் போட்டுக்கொண்டாள். "நீ எழுந்திரு. ஓசூரு பஸ்ஸைப் புடி."

"கோவமாம்மா?"

"கோவம் இன்னாத்துக்கு? அவரு போன சேதி வந்தப்பவே இனிமே மிஷின் கெடையாதுன்னு நெனச்சிக்கினோம். நீ வந்து லேட்டாவுதுன்னு சொல்றே. லேட்டாவட்டும், போ."

அண்ணன் செத்த அன்று வராத அழுகை கெம்பம்மாவுக்கு அப்போதுதான் வந்தது. கடலை ஓடுகளுக்கு நடுவே உட்கார்ந்து, வெட்கமில்லாமல், ஊர் கேட்க அழுதாள்.