ஒன்பதாயிரம் யூனிட்டுகள்

வெல்டா ட்ரஸ்லர் இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையை நடத்தியவள். மேற்கு ஓக்லஹோமாவில், உட்வர்ட் ஊரில், தினமும் நானூறு பிள்ளைகளுக்கு மேல் மதியச் சாப்பாடு. ரொட்டிக்காரனோ பால்காரனோ அவளிடம் கள்ள எடை காட்டிவிட முடியாது. ஒரு வருஷம் ரொட்டிக் கம்பெனி ஒன்று, யாரும் கேட்காமலே விலையைக் குறைத்தது. தலைமையாசிரியர் சந்தோஷப்பட்டார். வெல்டாவுக்குப் பயம் வந்தது. கிறிஸ்துமஸுக்கு முன்பே கம்பெனி படுத்துவிட்டது. பழையபடி வேறு ஆளைத் தேடிப்பிடிக்க அவள்தான் அலைந்தாள்.

2015 அக்டோபரில் அவளுக்கு அறுபத்து மூன்று வயது. அப்போது அதே பயம் திரும்ப வந்தது. இந்த முறை ரொட்டி இல்லை, காட்டன்வுட் பெண்ட் பார்ட்னர்ஸ்.

அது எரிவாயுக் குழாய்களை வைத்து நடத்தும் கூட்டாண்மை. அதன் யூனிட்டுகளைப் பங்கு போலச் சந்தையில் வாங்கலாம், விற்கலாம். வெல்டாவின் கணவன் ஆரின் முப்பத்தொரு வருஷம் அந்தக் குழாய்ப் பாதையில் கம்ப்ரசர் மெக்கானிக்காக இருந்தவன். குழாய்க்குள் எரிவாயுவை அழுத்தித் தள்ளும் ராட்சத எஞ்சின்களைப் பழுது பார்ப்பது அவன் வேலை. சம்பளத்தில் மிச்சம் பிடித்ததையெல்லாம் காட்டன்வுட் யூனிட்டுகளில்தான் போட்டான். மொத்தம் ஒன்பதாயிரம் யூனிட். மூன்று மாதத்துக்கு ஒருமுறை யூனிட்டுக்கு அறுபத்து நான்கு சென்ட் வரும். வீட்டுச் செலவு, மருந்து, அவன் மூக்கில் மாட்டியிருக்கும் ஆக்சிஜன் எல்லாம் அந்தப் பணத்தில்தான் நடந்தது. ஆரினுக்கு நுரையீரல் தழும்பேறி இறுகிக்கொண்டே போகும் நோய். இரண்டு வருஷம், மிஞ்சினால் மூன்று என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

முந்தைய வருஷக் கோடையில் ஒரு யூனிட் நாற்பத்தொரு டாலர் விற்றது. இப்போது இருபத்து மூன்று. ஆனால் வருகிற பணத்தில் ஒரு சென்ட் குறையவில்லை. அதனால் இன்றைய விலைக்கு வாங்குகிறவனுக்கு வருஷத்துக்குப் பதினோரு சதவீதம் கிடைக்கும் என்று பத்திரிகையில் போட்டிருந்தார்கள். ஆரினோடு வேலை பார்த்த டெல்மர் காபிக் கடையில் எல்லாரையும் வாங்கச் சொல்லிக்கொண்டிருந்தான், தானும் இன்னும் ஆயிரம் வாங்கினான்.

பாங்கில் ஒரு சதவீதம்கூடக் கொடுக்காத காலத்தில் ஒருத்தன் பதினோரு சதவீதம் கொடுக்கிறான் என்றால், அவன் சரக்கைப் பார்த்து மற்றவர்கள் எதற்கோ பயப்படுகிறார்கள் என்று வெல்டாவுக்குத் தோன்றியது. அவளும் பயந்தாள்.

கம்பெனியின் வருஷ அறிக்கையை நூலகத்தில் அச்செடுத்துக்கொண்டு வந்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். காலைச் சாப்பாடு முடிந்து ஆரின் கண்ணயரும் நேரத்தில் சமையல் மேஜையில் வைத்துப் படித்தாள். முதல் வாரம் ஒரு மண்ணும் புரியவில்லை. பிறகு தனக்குத் தெரிந்த வழிக்கே வந்தாள். உள்ளே என்ன வருகிறது, வெளியே என்ன போகிறது, சரக்கு யாரிடமிருந்து வருகிறது. அந்த மூன்றை மட்டும் பென்சிலால் கோடிட்டுக்கொண்டே போனாள்.

யூனிட்காரர்களுக்குக் கொடுக்கிற ஒவ்வொரு டாலருக்கும் தொழிலில் சம்பாதித்தது எண்பத்தெட்டு சென்ட்தான். மீதிப் பன்னிரண்டு சென்ட் கடனிலிருந்தும், புதிதாக விற்ற யூனிட்டுகளிலிருந்தும் வந்தது. விலை இப்படி விழுந்து கிடக்கும்போது புது யூனிட்டை யார் வாங்குவான்? எழுபதாவது பக்கத்தில் இன்னொன்று இருந்தது. குழாயில் ஓடும் எரிவாயுவில் அறுபது சதவீதம் ஒரே ஒரு கிணற்றுக் கம்பெனியுடையது. அதன் ஒப்பந்தம் அடுத்த ஜூனில் முடிகிறது. அந்தக் கம்பெனியே விழும் நிலையில் இருந்தது; அதன் பங்கு இப்போது வெறும் இரண்டு டாலருக்குக் கிடைத்தது.

வெல்டா காட்டன்வுட் அலுவலகத்துக்கு போன் செய்தாள். ஒரு பெண் மரியாதையாகப் பேசினாள். காலாண்டுப் பணத்தைத் தொடர்ந்து வழங்க நிர்வாகம் உறுதி பூண்டிருக்கிறது என்றாள். ஜூனுக்கு அப்புறம் என்ன ஆகும் என்று வெல்டா மூன்று விதமாகக் கேட்டுப் பார்த்தாள். மூன்று முறையும் சொல் மாறாமல் அதே வாக்கியம் வந்தது. ரிசீவரை வைத்துவிட்டு எழுபதாவது பக்கத்தை மறுபடி எடுத்தாள்.

ஆரினைப் பார்க்க வீட்டுக்கு வந்த டெல்மரிடம் சொன்னாள். அவன் சிரித்தான்.

"ஆரின், உன் பொண்டாட்டி பள்ளிக்கூடத்துல உருளைக்கிழங்கு எண்ணினவடா. இப்ப குழாய்க் கம்பெனியை எண்ணுறா. அந்தக் குழாய் நாம போட்டது. அது எங்க போயிடும்?"

ஆரினும் சிரித்தான், இருமல் வந்து நிறுத்தும் வரைக்கும்.

கணக்காளர் ஹாஸ்கெலைப் பார்க்க அவள் தனியாகத்தான் போனாள். விற்றுவிடலாமா என்று கேட்டாள்.

"வித்தா வரி வந்து நிக்கும்" என்றார் அவர். "இத்தனை வருஷமா உங்களுக்கு வந்த பணத்துல பெரும்பகுதி வருமானம்னு கணக்கு இல்லை. நீங்க போட்ட முதல் திரும்பி வந்ததாத்தான் கணக்கு. அதனால முதல்னு இப்ப ஒண்ணும் மிச்சமில்லை. விக்கிற விலை முழுக்க லாபமாயிடும். அம்பதாயிரம் டாலர் கிட்ட கட்ட வேண்டியிருக்கும்."

பிறகு மேஜைமேல் இருந்த தாள்களை அடுக்கிக்கொண்டே குரலைத் தாழ்த்தினார்.

"யூனிட் எல்லாம் ஆரின் பேர்ல இருக்கு. அவர் இருக்கிறவரைக்கும் விக்காம, அவருக்கப்புறம் உங்க பேருக்கு வந்தா, அந்த வரி மொத்தமும் அழிஞ்சு போயிடும். சட்டம் அப்படி. நான் சொல்லக் கூடாது, ஆனா சொல்லாமலும் இருக்க முடியலை."

வீட்டுக்கு வந்து தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள். ஆரினுக்கு முன்பே தெரிந்திருந்தது.

"அதனாலதான் தொட வேண்டாங்கிறேன். வரியில்லாம உனக்கு நான் விட்டுட்டுப் போறது அது ஒண்ணுதான்" என்றான்.

அன்றிலிருந்து அவள் பயம் வேறு உருவம் எடுத்தது. முதலில் கம்பெனி விழுந்துவிடுமோ என்று பயந்தாள். இப்போது எது முதலில் விழும் என்று பார்க்கிற பயம். ஒப்பந்தம் ஜூனில் முடிகிறது. பணம் பிப்ரவரியிலும் மே மாதத்திலும் வரும். அவன் மூச்சு இழுப்பதைக் கேட்டுக்கொண்டே பாத்திரம் துலக்கினாள். ஒரு நாள் காலை கூடத்திலிருந்து நீளமான இருமல் கேட்டது. ஓடிப் போய்ப் பார்ப்பதற்குப் பதிலாக, ஜூனுக்குள் இவன் போய்விட்டால், என்று ஒரு நினைப்பு ஓடியது. மனசு கூட்டல் கழித்தலே போட்டுவிட்டது. கையிலிருந்த கரண்டியைத் தொட்டியில் போட்டுவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய் நின்றாள். நானா நினைத்தேன் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். கம்பெனியைப் பார்த்து வந்த பயம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, கம்ப்ரசர் நிலையத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சாவியை எடுத்தாள். நானும் வருகிறேன் என்று ஆரின் பிடிவாதம் பிடித்தான். சிலிண்டரை மடியில் வைத்துக்கொண்டு பிக்கப்பில் ஏறினான். ஊருக்கு வடக்கே பதினாலு மைல். போன வருஷம் அந்தச் சாலையில் புது எரிவாயுக் கிணறு துளையிடும் கோபுரங்கள் ஏழெட்டு நின்றன. இப்போது ஒன்றுகூட இல்லை.

வேலிக்கு வெளியே வண்டியை நிறுத்தினாள். ஆரின் கண்ணாடியை இறக்கினான். ஆக்சிஜன் இரைச்சல் காதில் விழாமலிருக்க அதைக் கொஞ்ச நேரம் மூடினான். கண்ணையும் மூடிக்கொண்டான். உள்ளே ஆறு எஞ்சின். ஆறும் ஓடினால் வேலிக் கம்பி அதிரும். வெல்டா வேலியைப் பார்த்தாள். அது அசையாமல் நின்றது.

"ரெண்டு" என்றான் ஆரின். கொஞ்சம் கழித்து, "அதுலயும் ஒண்ணு திக்குது. பிளக் மாத்தி ரொம்ப நாளாச்சு. எங்க காலத்துல இப்படி ஓட விட்டா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. காசில்லாதவன்தான் பிளக்குல மிச்சம் பிடிப்பான்."

உதடு நீலம் பாரிக்கத் தொடங்கியிருந்தது. அவளே கையை நீட்டிக் காற்றைத் திறந்துவிட்டாள். அப்படியே கையை எடுக்காமல் சொன்னாள்.

"ஆரின், ஒண்ணு சொல்லணும். நீ ஜூனுக்குள்ள போயிட்டா வரி மிச்சம்னு கணக்குப் போட்டுட்டேன். நினைக்கணும்னு நினைக்கலை. தானா வந்துடுச்சு."

ஆரின் வேலியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் போன மாசமே போட்டுட்டேன்" என்றான். "மே மாசம் பணம் வந்தப்புறம்னா தோதா இருக்கும்னு பட்டுச்சு." சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "ஆனா அதுக்காகச் சாக எனக்குப் பயமா இருக்கு, வெல்டா. ராப்பகலா பயமா இருக்கு. உங்கிட்ட எப்படிச் சொல்றது?"

அவள் அவன் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். வெகுநேரம் அங்கேயே இருந்தார்கள். காவலாளி ஒருவன் வந்து ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் போனான்.

மறுநாள் காலை ஆரினே தரகரைக் கூப்பிட்டு ஒன்பதாயிரத்தையும் விற்கச் சொன்னான். இருபத்தொரு டாலருக்குப் போனது.

விற்ற கையோடு விலை ஏறத் தொடங்கியது. இரண்டே வாரத்தில் இருபத்து நான்கு. இருபத்தேழாயிரம் டாலரைக் கையை விட்டுக் கொட்டிவிட்டோமே என்று வெல்டாவுக்குச் சோறு இறங்கவில்லை. வரிக்கு வேறு பணம் எடுத்துவைக்க வேண்டும். டெல்மர் வாசலில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்து, நன்றி நவிலல் விருந்துக்கு வான்கோழி வாங்கக் காசு இருக்கிறதா, கடன் தரட்டுமா என்று கேட்டான். வான்கோழியை அவள் சமைத்தாள். ருசி தெரியவில்லை.

ஜனவரி இரண்டாவது வாரம் காட்டன்வுட் அரைப் பக்க அறிவிப்பு ஒன்றை வெளியிட்டது. இனிமேல் அறுபத்து நான்கு சென்ட் கிடையாது, ஐந்து சென்ட். மதியத்துக்குள் யூனிட் ஒன்பது டாலருக்கு வந்துவிட்டது. வெல்டா சந்தோஷப்படவில்லை. குளியலறைக்குள் போய்த் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தாள். லாரி உரசிக்கொண்டு போனபின் சாலையோரத்தில் உட்கார்ந்துவிடுவோமே, அந்த மாதிரி இருந்தது. ஆரின் கதவைத் தட்டி, "இருக்கியா?" என்று கேட்டான். இருக்கிறேன் என்றாள்.

டெல்மர் பத்து நாள் கழித்துத்தான் வந்தான். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சமையல் மேஜையருகில் உட்கார்ந்தான்.

"நீ சொன்ன. நான்தான் சிரிச்சேன்" என்றான்.

அவள் காபி ஊற்றிக் கொடுத்தாள். அவன் விற்கவில்லை. அடுத்த வருஷம் காட்டன்வுட்டின் தாய்க் கம்பெனி எல்லா யூனிட்டையும் ஆறு டாலர் சொச்சத்துக்கு எடுத்துக்கொண்டது. அதுவும் விற்பனைக் கணக்கில்தான் சேரும் என்று அவனுக்கும் வரித் தாள் வந்தது.

2016 ஏப்ரலில் வெல்டா வரிக்காக நாற்பத்தாறாயிரம் டாலருக்குக் காசோலை எழுதினாள். பூஜ்யங்களைச் சரிபார்க்க ஹாஸ்கெலைக் கூப்பிட்டாள். காலாண்டுப் பணம் நின்றுபோனதால் பள்ளிக்கூடச் சமையலறையில் வாரத்துக்கு மூன்று நாள் மாற்றாளாகப் போகத் தொடங்கினாள். மீதிப் பணம் பாங்கில் அரை சதவீதத்துக்குக் கிடந்தது.

ஆரின் அந்த மே மாதத்தையும் ஜூனையும் தாண்டினான். இன்னொரு வருஷமும் தாண்டி, 2017 செப்டம்பரில் ஒரு காலை, சாப்பாட்டு மேஜையில் அவள் எதிரே உட்கார்ந்திருக்கும்போது போனான். அதற்கு முந்தின வாரம்கூட, எப்போது என்று தெரியாமலிருப்பது எவ்வளவோ தேவலை என்று சொல்லியிருந்தான்.