சோளம் என்று நான் சொன்னது

ஒரு மனிதரின் உண்மையைப் பொய்யாக்கினேன். அதில் அவர் மகன் போனான்.

கடல் கடந்து நான் குடியேறிய இந்த நாட்டில், ஏப்ரலில் ஒனிஹங்கா என்ற பேட்டையின் கடைவாசலில் போர் நினைவுக்காகச் சிவப்புக் காகிதப் பூ தருவார்கள். நான் வாங்குவதில்லை. கசகசாச் செடியின் பூவுக்கு அது பங்காளி.

ரங்கூனில் பிறந்த தமிழன் என்பதால், தொண்ணூறுகளில் இங்கே அகதி நேர்காணல்களில் பர்மிய மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். டை கட்டினால் என் மனைவி, "மாப்பிள்ளை கெளம்பிட்டாரு" என்பாள். அப்படிப் போன இடத்தில்தான் ஐ லுன் அறிமுகம். பர்மாவின் சீன எல்லை மலைகளில் வாழும் வா இனத்தவர். என்னை 'சயா', அதாவது வாத்தியாரே, என்பார்.

"எங்க ஊர்ல தலைச்சன் எல்லாருக்கும் 'ஐ'தான் பேரு, சயா. கூப்பிட்டா பாதி ஊரு திரும்பும்."

அவருக்கு ஒரே மகன். தாயோடு மலையில் இருந்தான். அங்கே வீட்டுக்கு ஒரு பிள்ளையை மலையை ஆளும் ஆயுதப் படைக்குக் கொடுத்தாக வேண்டும். "துப்பாக்கி உயரம் வந்துட்டா கூட்டிட்டுப் போயிடுவாங்க. அதுக்குள்ள இங்க வந்துடணும்." அதற்கு முதலில் அவரை அகதியாக ஏற்க வேண்டும்.

என்ன பயிரிட்டீர்கள் என்று அதிகாரி கேட்டார்.

"கசகசா. கீறி அபின் எடுப்போம். வெளையிற நெல்லு பாதி வருஷத்துக்கே காணாது. மிச்ச அரிசி, உப்பெல்லாம் அபினைக் கொடுத்துத்தான்."

எனக்குக் காது சுட்டது. "சோளம்" என்றேன் ஆங்கிலத்தில். அவரைக் காப்பாற்றுவதாக நினைப்பு. உண்மையில், அபின் என்ற சொல் என் வாயிலிருந்து வர எனக்குத்தான் வெட்கம். அன்று வீட்டில் கசகசா அரைத்த குருமா. வாசனைக்கே இரண்டாம் தடவை போட்டுக்கொண்டேன்.

அடுத்த விசாரணைக்கு வேறொரு மொழிபெயர்ப்பாளர். ஐ லுன் மறுபடி கசகசா என்றார். பேச்சை மாற்றுகிறார், நம்ப முடியாது என்று மறுத்துவிட்டார்கள்.

ஹில்ஸ்பரோவில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"சயா, நான் சோளம்னு சொன்னேனா?"

"இல்ல. நான்தான் சொன்னேன்."

வாசற்படியில் உட்கார்ந்தார். பிறகு, "சோளமும் உண்டு சயா. ஆனா அதைக் கொடுத்தா யாரும் உப்பு தரமாட்டாங்க" என்றார்.

மறுநாளே அதிகாரியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். என் வேலை போயிற்று. அதைத் தண்டனை என்று சொல்லிக்கொள்ளக் கூசுகிறது. அவர் விண்ணப்பத்தை மறுபடி எடுத்து, ஏற்றுக்கொண்டார்கள். குடும்பத்துக்கும் அனுமதி வந்தது. அந்தச் செய்தி மலைக்குப் போய்ச் சேருமுன் பையனைப் படைக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

தாய் வர மறுத்தாள். பிள்ளை திரும்பி வந்தால் வீட்டில் ஆள் வேண்டாமா என்றாளாம். ஐ லுன் அவளிடமே போய்விட்டார். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

பிறகு அந்த மலைகளில் கசகசாவை அழித்தார்களாம்; ஊர் ஊராக மக்களைப் பெயர்த்துத் தெற்கே விட்டார்களாம். இங்கே ஒடாஹுஹுவில் அவர் வாடகைக்கு இருந்த வீட்டையும் இடித்துவிட்டார்கள். அங்கே பஸ்ஸுக்கு நிற்கும்போது சில நாள் மெல்ல, "ஐ" என்று கூப்பிட்டுப் பார்க்கிறேன்.

ஒருவரும் திரும்புவதில்லை.