கையாலயா, தண்ணியாலயா?

கீழ்வேளூர்ப் பக்கம் கூலித் தகராறு முற்றியிருந்த காலம். எங்கள் பண்ணையார் வெளியூரிலிருந்தும் நடவாட்களை இறக்கியிருந்தார். வணிகப் புள்ளியியலில் முதல் வகுப்பில் தேறி அவரிடம் வேலை பார்த்த நான், குறுவை மகசூலை ஒப்பிட்டு, வெளியூர் ஆட்கள் நட்ட வயல்களே மேல் என்று பட்டியல் போட்டுக் கொடுத்தேன். இனி உள்ளூர் ஆட்களுக்கு வேலையில்லை என்றுவிட்டார்.

உள்ளூர் நடவாள் சொர்ணம் களத்தில் என்னை மறித்தார்.

"அவங்களுக்குத் தலைமடை வயலு, எங்களுக்குக் கடைமடை. எங்களுக்குக் கடைசியாத்தானே தண்ணி வந்துச்சு? வெளைஞ்சது கையாலயா, தண்ணியாலயாங்க?"

எந்தத் தேர்விலும் அப்படியொரு கேள்வியை நான் பார்த்ததில்லை. அவரே வழியும் சொன்னார்.

"ஒவ்வொரு வயலையும் ரெண்டாப் பிரிங்க. பாதி அவங்க, பாதி நாங்க. எந்தப் பாதி யாருக்குன்னு சீட்டுப் போடுங்க."

பண்ணையாரிடம் மன்றாடி, அடுத்து வந்த தாளடிப் பருவத்தில் அப்படியே நடவைத்தேன். வயலுக்கு வயல் மகசூல் மாறியது. ஒரே வயலின் இரு பாதிகளுக்குள் சொல்லும்படி வித்தியாசமில்லை. உள்ளூர் ஆட்களுக்கு வேலை திரும்பியது.

"யாரு யோசனை இது?" என்று வியந்தார் பண்ணையார்.

"புத்தகத்துல இருக்குங்க" என்றேன்.

இருந்தது உண்மைதான். அந்தப் பாடத்தை மனப்பாடம் செய்துதான் முதல் வகுப்பு வாங்கினேன். பள்ளிக்கூடமே போகாத சொர்ணம் அதை வரப்பில் நின்றே கண்டுபிடித்தார். அவர் பெயரை அன்று நான் சொல்லவில்லை.